பெட்டிக்குள் வெற்றிடம் வேண்டாம், தொட்டபெட்டா போதும்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி அறிவியல் கூடத்துக்காக மாணவர்களோடு சேர்ந்து அப்பல்லோ காலத்து விண்வெளிக் கையுறையின் மாதிரி ஒன்றைத் தைத்து முடித்திருக்கிறீர்கள். அதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டால் கையுறை விண்வெளியில் போலவே புடைத்து நிற்கும். பிள்ளைகள் வெளியிலிருந்து கையை நுழைத்து விரலை மடக்கிப் பார்க்கலாம். அதற்குக் கண்ணாடி எத்தனை மி.மீ. வேண்டும், எந்தப் பம்பு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது கண்ணாடியின் கனத்தை என்றாலும், உள்ளே இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: விண்வெளியில் வேலை செய்பவரின் கை படும் பாட்டை ஒரு பிள்ளை தன் கையாலேயே உணர முடியுமா? தாராளமாக முடியும். அதற்கு வெற்றிடம் தேவையே இல்லை.

கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் காட்சிப் பெட்டிகள் செய்யும் பட்டறை நடத்துகிறேன். பெட்டி, அடைப்பு, பம்பு, வால்வு இவை என் தொழில். அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். கையுறையின் உள் அமைப்பு அப்படியில்லை. படித்ததும், சில தடவை தைத்துக் கிழித்துப் பார்த்ததும்தான் என் அறிவு. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன், அதை அதற்கேற்ற எடையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. நம்மைச் சுற்றியிருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 1.03 கிலோ எடையோடு அழுத்துகிறது. விண்வெளி உடைக்குள் இவ்வளவு காற்றை அடைத்தால் உடை மரக்கட்டையாகிவிடும், கையைக் காலை மடக்கவே முடியாது. அதனால் உடைக்குள் தூய ஆக்சிஜனை மிகக் குறைந்த அழுத்தத்தில் வைப்பார்கள். அப்பல்லோ உடையில் அது சதுர செ.மீ.க்கு 0.26 கிலோ. இன்றைய பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அமெரிக்கர்கள் அணியும் உடையில் 0.30. ரஷ்யர்களின் ஓர்லான் உடையில் சுமார் 0.4. வெளியே ஒன்றுமில்லை, உள்ளே 0.3, கையுறையைப் புடைக்க வைப்பது இந்த 0.3 வித்தியாசம்தான். உங்கள் பெட்டியில் கையுறைக்குள் இருக்கப் போவது அறையின் சாதாரணக் காற்று, அதாவது 1.03. பெட்டிக்குள் 0.73 இருந்தால் அதே 0.3 வித்தியாசம் கிடைத்துவிடும். கையுறைக்கு வித்தியாசம் மட்டும்தான் தெரியும், வெளியே வெற்றிடமா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

0.73 என்பது எவ்வளவு தெரியுமா? ஊட்டி தொட்டபெட்டா உச்சியில் நின்றால் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். 2,637 மீட்டர் உயரத்துக் காற்று. சமவெளியில் இருக்கும் உங்கள் பள்ளியில், ஒரு பெட்டிக்குள் மட்டும் தொட்டபெட்டாவைக் கொண்டுவந்து வைத்தால் போதும், நிலவில் நடந்தவரின் கையுறை எப்படி விறைத்து நின்றதோ அப்படியே உங்கள் கையுறையும் நிற்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெட்டியை விட இந்த ஒரு கணக்கு அவர்கள் மனதில் நெடுநாள் நிற்கும்.

முழு வெற்றிடம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. 40 செ.மீ.க்கு 40 செ.மீ. பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 1,600 சதுர செ.மீ. முழு வெற்றிடம் என்றால் அதன் மேல் 1,650 கிலோ, ஒரு கார் ஏறி நிற்கிற எடை. 0.3 வித்தியாசம் என்றால் 480 கிலோ. இதுவும் சின்ன எடை இல்லை, ஏழெட்டுப் பேர் அந்தப் பலகை மேல் நிற்பது போல. பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கும் இடத்தில், இந்த வேறுபாடு சாதாரணமானதில்லை.

சாதாரணக் கண்ணாடியை இதற்கு நினைக்கவே வேண்டாம். அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். ஓரங்களில் தாங்கி நிற்கும் 40 செ.மீ. சதுர அக்ரிலிக் தகட்டைக் கணக்குப் போட்டால், இந்த 0.3 வித்தியாசத்திலேயே 12 மி.மீ. தகடு நடுவில் 6 மி.மீ.க்கு மேல் உள்வாங்கும். கிட்டே நின்று பார்த்தால் பலகை குழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். 20 மி.மீ. என்றால் ஒன்றரை மி.மீ.க்குள் அடங்கும், தகட்டுக்குள் ஏறும் இழுவிசையும் அக்ரிலிக் வருடக்கணக்கில் தாங்கக்கூடிய அளவுக்குள் இருக்கும். எனவே தட்டைப் பலகைதான் வேண்டும் என்றால் 20 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. 30 செ.மீ. விட்டமுள்ள வார்ப்பு அக்ரிலிக் குழாய், சுவர் கனம் 10 மி.மீ. வளைந்த சுவர் வெளியழுத்தத்தை முட்டை ஓடு தாங்குவது போல் தாங்கும். அந்தக் குழாய் நசுங்க வேண்டுமானால் நீங்கள் வைக்கும் அழுத்த வித்தியாசத்தைப் போல எட்டு மடங்கு தேவை. இரண்டு முனையிலும் அலுமினியத் தட்டு, ஒன்றில் கை நுழையும் வளையம், மற்றொன்றில் பம்பும் வால்வுகளும். குழாயின் விலை தகட்டை விடக் கூடுதல்தான். முடிந்தால் அதையே செய்யுங்கள்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் இப்படி ஒரு பெட்டி கேட்டு வந்தவர்களுக்கு 8 மி.மீ. அக்ரிலிக்கை லேசரில் வெட்டி, விளம்பரப் பலகைக்கு ஒட்டுவது போலவே குளோரோஃபார்ம் விட்டு ஒட்டிக் கொடுக்க இருந்தேன். ஒட்டி முடித்ததும் கைரேகை போகட்டும் என்று பையன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். சாயங்காலம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ஓரம் முழுக்க மயிரிழை போல நுண்ணிய வெடிப்புகள், மீன் செதில் மாதிரி மின்னின. லேசர் சூட்டில் வெட்டுப்பட்ட ஓரத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும். ஸ்பிரிட் பட்டதும் அது வெடிப்பாக வெளியே வரும். அப்போது அது எனக்குத் தெரியாது. மேலோட்டமான வெடிப்புதானே, தாங்கும் என்று நினைத்துப் பம்பைப் போட்டேன். 0.2 தாண்டுவதற்குள் ஒரு பக்கம் உள்ளே நொறுங்கி விழுந்து, ஒரு சில்லு எதிர்ச் சுவரில் குத்தி நின்றது. அன்று யாரும் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகு அழுத்தம் தாங்க வேண்டிய எந்தப் பெட்டியையும் நான் ஒட்டுவதில்லை.

ஒட்டாமல் எப்படி என்றால், இரும்பு அல்லது அலுமினிய ஆங்கிளில் சட்டம் வெல்டு செய்துகொண்டு, அக்ரிலிக் பலகையைச் சட்டத்தின் வெளிப்பக்கமாக உட்கார வையுங்கள். நடுவில் மெத்தென்ற ரப்பர் கேஸ்கட். பம்பு இழுக்க இழுக்க வெளிக்காற்றே பலகையைச் சட்டத்தின் மேல் அழுத்தி அடைப்பை இறுக்கும். போல்ட்டுகள் பலகை நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். அவற்றின் துளையைப் போல்ட்டை விட ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாகப் போட்டு, பலகையின் ஓரத்தை ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள். துடைக்க சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஸ்பிரிட், கொலின் வகையறா எதையும் அக்ரிலிக் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

அடுத்தது கையுறை. பார்வைக்காகத் தைத்த மாதிரிக் கையுறையை அப்படியே பொருத்தினால் தையல் ஓட்டை வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், பம்பு என்ன இழுத்தாலும் புடைக்காது. உண்மையான கையுறை மூன்று அடுக்கு. உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் ரப்பர் பை. அதன் மேல், ரப்பர் ஊதிப் பெருத்துவிடாமல் கட்டுப்படுத்தும் உறுதியான துணி. எல்லாவற்றுக்கும் வெளியே வெப்பம், உராய்வு, விண்தூசு தடுக்கும் உறை. நாம் புகைப்படங்களில் பார்ப்பது இந்த மூன்றாவதை மட்டும்தான். அப்பல்லோவில் அதன் உள்ளங்கை குரோமெல்-ஆர் என்ற உலோக இழைத் துணி, விரல் நுனி நீல நிற சிலிக்கோன் ரப்பர். நீங்கள் தைத்திருப்பதும் அந்த மூன்றாவது அடுக்கு என்றே உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. உள் இரண்டையும் சேர்த்தாக வேண்டும்.

ரப்பர் பைக்கு ஆய்வகக் கையுறைப் பெட்டிகளில் போடும் நீண்ட கை ரப்பர் கையுறை கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளலாம். அதை மட்டும் பொருத்திப் பம்பைப் போட்டால் மாட்டு மடி போலாகிவிடும், விரல்கள் காம்பு மாதிரி நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். எனவே மேலே பாலியெஸ்டர் அல்லது நைலான் துணியில் இன்னொரு கையுறை. இந்தத் துணி அடுக்கு ரப்பரை விடச் சற்றுச் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் பளு துணி மேல் விழும், ரப்பர் இழுபடாது. விரலின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் நாடா தைத்து, மடங்கும் இடத்தில் மேல்பக்கம் சிறு கொசுவங்கள் வைத்தால் விரல் மடங்கும். உள்ளங்கைக்கு இதுவும் போதாது. அங்கே துணி பந்து போல் உப்பிவிடும், எந்தப் பிடியும் பிடிக்க முடியாது. இதற்காகவே உண்மையான கையுறையில் உள்ளங்கைக் குறுக்கே ஒரு உலோகப் பட்டையை வைத்து, புறங்கை வழியாக வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். 1991 ஏப்ரலில் எஸ்டிஎஸ்-37 என்ற விண்வெளி ஓடப் பயணத்தில் அந்தப் பட்டையே ஒரு வீரரின் கையுறையைத் துளைத்துவிட்டது. துளையை அவர் கையே அடைத்துக்கொண்டதால் வேலை முடியும் வரை அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் பட்டை வைக்கும்போது முனைகளை உருட்டி, தோல் துண்டால் மூடித் தைத்துவிடுங்கள். கொசுவத்தின் அளவு, எண்ணிக்கை எல்லாம் நான் தைத்துப் பார்த்துத்தான் கண்டேன். விரலுக்கு நான்கு கொசுவம் எனக்கு ஒத்து வந்தது. உங்கள் துணிக்கு வேறாக இருக்கலாம்.

எல்லோரும் விரல் கிழியும் என்று பயப்படுவார்கள். உண்மையில் விரல் போன்ற மெல்லிய குழாயில் துணிக்கு ஏறும் இழுப்பு மிகக் குறைவு. பளு விழுவது மணிக்கட்டில். கை நுழையும் வளையம் 12 செ.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு 113 சதுர செ.மீ. அதாவது 34 கிலோ எடை கையுறையை வளையத்திலிருந்து பிடுங்கிப் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். வெறும் ரப்பரை வளையத்தில் மடித்து கிளிப் போட்டால் நழுவிப் போகும். துணி அடுக்கில் நான்கு பக்கமும் ஸ்கூல் பை வார் போன்ற நைலான் வாரைத் தைத்து, அந்த நான்கையும் வளையத்தில் போல்ட்டால் பிணைக்க வேண்டும். உண்மையான கையுறையிலும் இந்தப் பளு வார் வழியாகத்தான் மணிக்கட்டு வளையத்துக்குப் போகிறது. உங்கள் வேலை முழுவதிலும் ஒரே ஒரு தையலை இரண்டு முறை சரிபார்க்க நேரம் இருக்கிறது என்றால், இந்த வார்த் தையலைச் சரிபாருங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு பிள்ளை கையை நுழைத்தால் என்ன உணரும்? கையை மூடும்போது கையுறைக்குள் இருக்கும் இடம் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் காற்று அதை எதிர்க்கிறது. ஒரு பிடிக்கு 50 கன செ.மீ. சுருங்கினால் ஒன்றரை ஜூல் வேலை. கேட்க அற்பம். அதை ஆறேழு மணி நேரம், ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும் என்பதுதான் வேதனை. அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட்டின் விரல் நகங்களுக்கு அடியில் ரத்தம் கட்டிவிட்டது. 1965 மார்ச் 18 அன்று முதன்முதலாக விண்வெளியில் மிதந்த அலெக்சி லியோனோவுக்கு உடை உப்பி, விரல்கள் கையுறையின் நுனியை விட்டே விலகிவிட்டன. உடைக்குள் இருந்த அழுத்தத்தைக் குறைத்த பிறகே அவரால் கலத்துக்குள் திரும்ப முடிந்தது. எனவே பெட்டிக்குள் வெறுமனே எதையும் வைக்காதீர்கள். ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு பெரிய நட்டு போல்ட், ஒரு கொக்கி, ஒரு ரப்பர் பந்து. பந்தை இருபது முறை அழுத்தச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது முறையிலேயே முன்கை கடுக்க ஆரம்பித்துவிடும்.

இது வீட்டில் செய்யக்கூடிய வேலையா என்று தயங்குகிறீர்கள் என்றால் ஒரு செய்தி. நாசா 2007இல் விண்வெளிக் கையுறைக்கு ஒரு பொதுப் போட்டி நடத்தியது. போட்டியாளர்கள் தங்கள் கையுறையை, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஒரு பெட்டியில் பொருத்தி, கையை நுழைத்து விரல் வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். நீங்கள் செய்ய நினைப்பதே அந்தப் பெட்டிதான். மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பீட்டர் ஹோமர் என்ற பொறியாளர், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தையல் இயந்திரம் வைத்துத் தைத்த கையுறையோடு வந்து 2 லட்சம் டாலர் பரிசை வென்றார். 2009 போட்டியிலும் முதலிடம் அவருக்கே. இரண்டாமிடம் பிடித்த டெட் சதர்ன் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த கலைஞர்.

அப்புறம் பம்பு. ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் ஆயில் பம்பு ஆழமான வெற்றிடத்துக்கானது. பெட்டிக்குள் 0.7 போன்ற அழுத்தம் இருக்க நாள் முழுக்க ஓட்டினால் எண்ணெய்ப் புகையை வகுப்பறைக்குள் கக்கும். எண்ணெய் இல்லாத டயாஃப்ரம் பம்பு வாங்குங்கள். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரும் இழுக்கும், ஆனால் மெல்ல மெல்ல எண்ணெயைத் துப்பிக் காலியாகிவிடும். முதல் சோதனைக்கு மட்டும் வீட்டு வேக்கூம் கிளீனரே போதும், 0.2 வித்தியாசம் வரை இழுக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், காற்று ஓடினால்தான் அதன் மோட்டார் குளிரும். கேஜில் 220 மி.மீ. பாதரசம், அல்லது 8.7 இஞ்ச் காட்டினால் நீங்கள் 0.3 வித்தியாசத்தில் இருக்கிறீர்கள்.

பாதுகாப்புக்கு மூன்று சொல்கிறேன், மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெட்டியிலேயே ஒரு ஸ்பிரிங் வால்வு, வித்தியாசம் 0.35 தாண்டினால் தானே திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும்படி. மின்சார சென்சாரை மட்டும் நம்பக்கூடாது. கை நுழைப்பவரின் இன்னொரு கை எட்டும் இடத்தில் ஒரு இஞ்ச் பால் வால்வு, திறந்தால் ஓரிரு நொடியில் அழுத்தம் சமமாகிவிட வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றாமல் யாரும் கை விடக்கூடாது. ஒரு முறைக்கு இரண்டு நிமிடம் போதும். கையுறை கிழிந்தால் என்ன ஆகும் என்று பெற்றோர் கேட்பார்கள். 1960 ஆகஸ்ட் 16 அன்று ஜோசப் கிட்டிங்கர் பலூனில் 31 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனபோது வலது கையுறையில் அழுத்தம் நிற்கவில்லை. கை இரண்டு மடங்கு வீங்கியது, தரைக்கு வந்து சில மணி நேரத்தில் சரியானது. அது கிட்டத்தட்ட முழு வெற்றிடம். உங்கள் பெட்டியில் கிழிந்தால் காற்று உள்ளே பாயும், கை ஒரு கணம் உறிஞ்சப்பட்டது போல் இருக்கும், அவ்வளவுதான் நடக்கும் என்று கணக்கு சொல்கிறது. ஆனாலும் பள்ளி என்பதால் ஒரு இயந்திரவியல் பொறியாளரை வரவழைத்து, பெட்டியைக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே பிள்ளைகளை விடுங்கள். நான் தூரத்திலிருந்து எழுதும் பதில் அதற்கு ஈடாகாது.

கை நுழைக்கும் பெட்டி வேண்டாம், பார்வைக்கு வைத்தால் போதும் என்று முடிவெடுத்தால் கணக்கே மாறிவிடும். அப்போது கையுறைக்கு எதிரி வெளிச்சம், ஈரம், பெட்டியே விடும் ஆவி. பிளைவுட், எம்டிஎஃப் இரண்டும் அமில ஆவி விடும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கோன் பசையும் அப்படித்தான், வாசமில்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். ரப்பர் பக்கத்தில் பித்தளை, செம்பு வைக்காதீர்கள், ரப்பரை அது சீக்கிரம் அரித்துவிடும். காற்றுப் புகாமல் இறுக்கி மூடவும் வேண்டாம். ஆர்ம்ஸ்ட்ராங்கின் உடையை 2019இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, குளிர்ந்த உலர் காற்று உடைக்குள்ளும் ஓடும்படி அமைத்தார்கள், அந்தப் பழைய ரப்பரே அமில ஆவி விடுவதால். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. கீழே இரண்டு சின்ன வலைத் துளை, ஒரு தட்டில் சிலிக்கா ஜெல், எல்இடி விளக்கு, ஜன்னல் வெயில் படாத சுவர். கையுறைக்குள் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்து, விரல்கள் லேசாக மடங்கிய நிலையில் நிறுத்துங்கள். புடைத்த விண்வெளிக் கையுறை இயல்பாக நிற்கும் நிலை அதுதான்.

கை நுழைக்கும் பெட்டியையே செய்வதானால், முடிந்ததும் கையுறை வளையத்தை ஒரு தட்டால் மூடிவிட்டு, ஸ்பிரிங் வால்வையும் தற்காலிகமாக அடைத்துவிட்டு, 0.45 வித்தியாசம் வரை இழுத்து ஒரு இரவு முழுக்க விடுங்கள். பெட்டி மேல் கனமான தார்ப்பாய் போட்டு, அறையைப் பூட்டிவிடுங்கள். காலையில் அழுத்தத்தை விடுவித்த பிறகு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து அக்ரிலிக் ஓரங்களைப் பாருங்கள். ஒரு வெடிப்புக்கோடு தெரிந்தாலும் அந்தப் பலகையை மாற்றிவிட வேண்டும். வால்வின் அடைப்பை எடுத்து, அது 0.35இல் திறக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். இப்போதைக்கு உங்கள் கையுறையின் மணிக்கட்டு வளைய விட்டத்தையும், உள்ளே என்ன துணி போட்டிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வார் எந்த அகலம், எத்தனை தையல் வரிசை என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.